வெயிலில் வைத்துப் பார்த்த சாம்பல்

காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், பின் சந்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கொட்டகைக்காரர் வந்து ஒரு சின்ன டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. மூடியில் விரலால் தொட்டு வைத்த சாம்பல் நிறம். அவர் போய் வெகுநேரம் ஆகியும் தின்னர் வாசனை போகவில்லை. கஞ்சி மணக்கிற புதுத் துணிகளுக்கு நடுவில் அது மட்டும் தனியாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நம் வீட்டுப் பின்னறையில் இருந்த அதே வாசனை.

டப்பாவை இன்னும் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மனிதருக்கு என்னத்தை எழுதுவது? போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போனபோது, பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உங்கள் சட்டையைப் பிடித்துக் கசக்கினேன். "பாலம் விழுந்தா நீ கண்ண மூடுனாலும் விழத்தான் செய்யும். கடலயாச்சும் பாரு புள்ள" என்றீர்கள். பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பாலத்தில் நான் கடலைப் பார்த்ததில்லை.

ஊருக்கெல்லாம் நீங்கள் சர்வேயர் சார். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்றால், அளக்கிற சங்கிலியும் நிலத்தின் கோடு போட்ட புலப்படமுமாக நீங்கள் போய் நிற்க வேண்டும். ஒரு சாண் இங்கன இருந்தால் என்ன, அங்கன இருந்தால் என்ன என்று யாராவது சமாதானம் பேசினால் உங்கள் முகம் சுருங்கிவிடும். "கிட்டத்தட்டன்னா தப்புன்னு அர்த்தம்" என்பீர்கள். எனக்கோ கிட்டத்தட்ட என்பதுதான் பிழைப்பு. நம் ஊர் அரண்மனைக்குப் பக்கத்தில் ப்ளவுஸ் பிட் கடை வைத்திருப்பவள், வருகிற எல்லாருடைய சேலைக்கும் அச்சு அசலான நிறத்தை எங்கே போய் எடுப்பாள்? இது போதும்க்கா, கட்டினால் தெரியாது என்று சொல்லித்தான் பாதிப் பேரை அனுப்பியிருக்கிறேன். நமக்குள் இத்தனை வருஷம் நடந்த சண்டையெல்லாம் இந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிடும்.

உங்களுடைய ஒரே கெட்ட பழக்கம் அந்தப் பொம்மை விமானங்கள். பொம்மை என்றால் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் துண்டு துண்டாக வருவதை அறுத்து, தேய்த்து, ஒட்டி, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு விமானத்தை நிறுத்துவீர்கள். என் புருவம் எடுக்கிற இடுக்கி அதற்குத்தான் போனது. என் நகப்பூச்சும் போனது. வீட்டுக்கு வருகிறவர்கள், சின்னப் பிள்ளை இருக்கா என்று கேட்டால் நான் உங்களைக் காட்டுவேன்.

அந்த வருஷம் நம் பிள்ளை கயல் கடற்படைக்குத் தேர்வானாள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவச் சோதனை எல்லாம் முடிந்து போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. வீட்டுக்கு வந்து விசாரித்து, இந்தக் குடும்பத்தின்மேல் ஒரு புகாரும் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். பொம்பளைப் பிள்ளை கப்பலில் போவதா என்று நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் சத்தமில்லாமல் ஒரு பெட்டியை வரவழைத்தீர்கள். கப்பலின் மேல்தளத்தில் நேராக நின்று இறங்குகிற போர் விமானம், சீ ஹாரியர். அது பறப்பதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. கயல் கிளம்புகிற அன்று அவள் கையில் அதைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றீர்கள். அவ வேலைக்குப் போற இடத்துல கேலி பண்றாப்புல இருக்கக் கூடாது, எல்லாம் சரியா இருக்கணும் என்றீர்கள்.

அங்கேதான் பிடித்தது சனி. பெட்டி வெளிநாட்டுச் சரக்கு. அதிலிருந்த குறிப்பெல்லாம் அவர்கள் நாட்டு விமானத்துக்கு. நம் கடற்படையின் நிறம் என்னவென்று நீங்களே தேட வேண்டியதாயிற்று. பழைய படங்களில் மேலே கருஞ்சாம்பல், வயிற்றுப் பக்கம் வெள்ளை. பிற்காலப் படங்களில் உடம்பு முழுவதும் சாம்பல். கடைசிக் காலத்தில் இருந்த மாதிரிதான் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தீர்கள். சரி, எந்தச் சாம்பல்? ஒரு படத்தில் மழை மேகம். இன்னொன்றில் புறாவின் முதுகு. உங்கள் போனில் ஒரு மாதிரி, என் போனில் ஒரு மாதிரி. இணையத்தில் இதே பைத்தியம் பிடித்த நாலு பேரிடம் கேட்டீர்கள். ஒருவர் நீலம் கலந்தது என்றார், ஒருவர் நீலமே கிடையாது என்றார். இறக்கை நுனிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னச் சக்கரத்தின் கம்பி வெள்ளையா சாம்பலா என்று பல் விளக்கும்போதுகூட யோசித்தீர்கள். நுரை வாயோடு வந்து என்னிடம் கேட்டீர்கள்.

எனக்கு என்ன தெரியும்? ஒன்றுதான் தெரியும். வாட்ஸப்பில் சேலையைப் படம் எடுத்து அனுப்பி மேட்சிங் கேட்கிறவர்களுக்கு நான் எடுத்து வைப்பதே இல்லை. படத்துக்கு எடுத்த துணி படத்துக்குத்தான் பொருந்தும். சேலையைக் கொண்டு வரச் சொல்வேன். கொண்டுவந்தாலும் கடைக்குள் வைத்துப் பார்க்க மாட்டேன், வாசலுக்குப் போய் வெயிலில் விரிப்பேன். டியூப் லைட் எல்லா நிறத்தையும் கெடுத்துவிடும். இதை உங்களிடம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்கள் சாப்பாட்டுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வாரம் வந்து சொன்னீர்கள். கிழக்கே கடற்கரைப் பக்கம் கடற்படை இடத்தில் ஒரு பழைய சீ ஹாரியரை மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்களாம், சாலையில் நின்றாலே கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தெரியுமாம். "நீயும் வா புள்ள. ஒன் கண்ணு வேணும்" என்றீர்கள். சமையலுக்கு என் கை வேண்டும், கடைக்கு என் கால் வேண்டும், அதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். உங்கள் விமானத்துக்கு என் கண் வேண்டும் என்று நீங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியில் காட்டிக்கொள்ளாமல், ஞாயித்துக்கிழமை மனுசி தூங்க வேண்டாமா என்றேன்.

கடையில் இருந்த சாம்பல் துணி ஒவ்வொன்றிலும் ஒரு கை அகலத்துக்கு ஒரு முழம் வெட்டினேன். சிமெண்டுக் கலர், எலிக் கலர், ஈயக் கலர், புகைக் கலர், பேர் தெரியாத மிச்சமெல்லாம். வெளுப்பில் ஆரம்பித்துக் கறுப்பு வரைக்கும் வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் துளை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து இறுக்கி முடிந்தேன். பித்தளை முலாம் பூசினது மாதிரி மஞ்சள் வெயில் அடித்த அந்த மத்தியானம், ஸ்கூட்டரில் உங்கள் பின்னால் அந்தத் துணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பனைமரமும் உடைமரமும் உப்புக் காற்றும் மாறி மாறி வந்தன. வழியில் ஒரு கடையில் நுங்கு வாங்கிக் கொடுத்தீர்கள்.

விமானம் நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு மேடையில் நின்றது. வேலியிலிருந்து கொஞ்சம் தூரம். பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை. நான் ஒரு வழி சொன்னேன். எட்டாத மாடியில் காய்கிற சேலைக்குக் கடையில் அப்படித்தான் பார்ப்போம். ஒருத்தி துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி பின்னால் தள்ளி நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். நான் வேலியோரம் நின்று, துணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக உயர்த்தினேன். நீங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இது இல்லை, அடுத்தது, கொஞ்சம் வலப்பக்கம், இறக்கி ஏற்று என்று கை காட்டினீர்கள். நானும் இறக்கினேன், ஏற்றினேன், வலப்பக்கம் போனேன். நடுவில் ஒரு துண்டு வந்தது. பேர் தெரியாத சாம்பல்களில் ஒன்று. நான் அண்ணாந்து பார்த்தேன், இறக்கைக்கு அடியில் வெயில் பட்டு வெளுக்காமல் இருந்த இடத்தில் அது அப்படியே போய் உட்கார்ந்தது. இதுதாங்க என்று கத்தினேன். நீங்கள் தலையை ஆட்டி, "கிட்டத்தட்ட" என்றீர்கள்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

கடல் பார்த்த ஒரு வேலி ஓரத்தில் நின்றுகொண்டு ஒருத்தி துணியை மாற்றி மாற்றித் தூக்குகிறாள், தூரத்தில் ஒருவன் கைச்சைகை காட்டுகிறான். இப்போது நினைத்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. துப்பாக்கியோடு வந்த இரண்டு பேரும் நம்மை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. கையில் இருந்ததைக் கீழே போடச் சொன்னார்கள். ஒருவர் தமிழ் தெரிந்தவர். யாருக்கு சிக்னல் குடுக்கிற என்று என்னைக் கேட்டார். வாயில் வந்தது ஒரே வார்த்தை. மேட்சிங் என்றேன்.

உள்ளே ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார்கள். உங்கள் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார்கள். முதலில் அளக்கிற டேப். அப்புறம் சுருட்டி வைத்த புலப்படங்கள். அந்த வாரம் நீங்கள் அளக்கப் போன கடலோரக் கிராமத்து நிலம் அத்தனையும் எண் போட்டு, கோடு போட்டு அதில் இருந்தது. சர்வேயர் வண்டியில் வேறு என்ன இருக்கும்? ஆனால் அந்த மேசையில் அதை விரித்தபோது வேறு எதற்கோ வரைந்த மாதிரி இருந்தது. அப்புறம் உங்கள் போன். அதில் விமானத்தின் சக்கரம், சக்கரத்தின் கம்பி, வயிற்றில் இருந்த துளை என்று அன்று எடுத்த படங்கள். என் மனதில் ஓடியது ஒன்றுதான். கயல் வேலை போயிற்று. தேசத் துரோகியின் மகளைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அவளை ஓட்டத்துக்குப் பழக்க மாதக்கணக்கில் நீங்கள் விடியற்காலையில் சைக்கிளில் கூடவே போனதெல்லாம் ஒரு முழத் துணியில் போயிற்று.

சின்ன வயசு அதிகாரி ஒருவர் வந்தார். இங்கிலீஷில் கேட்டார், நீங்கள் உங்கள் இங்கிலீஷில் சொன்னீர்கள். அரசாங்க அடையாள அட்டையைக் காட்டினீர்கள். மாடல் என்றீர்கள், பெயிண்ட் என்றீர்கள். அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, முன்சக்கரத்தை மட்டும் எதற்கு இத்தனை படம் என்று கேட்டார். தமிழ் தெரிந்தவர் எனக்காக மாற்றிச் சொன்னார். தெரியாமல் எடுத்துவிட்டேன் சார் என்று சொல்லியிருந்தால் என்ன? நீங்களா சொல்வீர்கள்! "அந்தச் சக்கரத்து மூடிய மாத்திப் போட்டிருக்கீங்க சார். இடது பக்கம் இருக்க வேண்டியது வலது பக்கம் இருக்கு" என்றீர்கள். விமானத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஆள் யார் என்று எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்கு அடியில் உங்கள் காலை மிதித்தேன். நீங்கள் ஏன் மிதிக்கிறாய் என்பது மாதிரி என்னைப் பார்த்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள்மேல் வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அப்புறம் அவர் என் துணிக்கட்டைத் தூக்கினார். இது என்ன, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்றார். எதற்கும் எந்த அர்த்தமும் இல்லை, கடையில் சேலைக்குப் பார்ப்பது என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் நம்பவில்லை. மூலையில் மாட்டியிருந்த ஒரு சாம்பல் சட்டையை எடுத்துப் போட்டு, இதற்கு எது பொருந்தும் என்று கேட்டார். நான் துணிக்கட்டைக் கையில் எடுத்தேன். தலைக்கு மேலே டியூப் லைட். அதைப் பார்த்ததும் அழுகை எங்கே போனதோ தெரியவில்லை, பழகின வாய் தானாகப் பேசியது. "டியூப் லைட்டுல நான் பாக்க மாட்டேன். வெயிலுக்கு வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. துப்பாக்கி வைத்திருப்பவர் சிரிப்பை அடக்கினார். அதிகாரி என்ன நினைத்தாரோ, எழுந்து வெளியே வந்தார். வெயிலில் சட்டையை விரித்து ஒவ்வொரு துண்டாக வைத்தேன். கடைசிவரை போய்விட்டு, இதில் எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் ஏதோ ஒன்றைக் காட்டி, இது சரியாக இருக்கிறதே என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உங்களோடு குடித்தனம் பண்ணிய தோஷம், கிட்டத்தட்ட இருக்கு சார், ஆனா அது இல்ல என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உள்ளூர் போலீசுக்குச் சொல்லிவிட்டு, உங்கள் அலுவலகத்தில் விசாரித்து, படங்களை அழிக்க வைத்து, இந்தப் பக்கம் இனி வரக் கூடாது என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டார்கள். துணிக்கட்டையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அப்படி இல்லை. போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் என் காதில் நின்றது. கயலிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டி முடித்து வெள்ளை அடிப்பூச்சு மட்டும் பூசியிருந்த அந்த விமானத்தைச் சேலை வருகிற அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே ஃபால்ஸ் துணியைப் பரப்பிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நீங்கள் தடுக்கவில்லை. தெருவில் பைக் நின்றால் எனக்குக் கை ஓடாது. கடையில் அளந்த துணியையே திரும்ப அளப்பேன். கயல் ஓடிவிட்டு வந்து வியர்வையோடு சோறு கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நீங்களும் பயந்தீர்கள். சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நீங்கள் பின்னறைக்குள் போகவே இல்லை. தின்னர் வாசனை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டில் யாரோ காய்ச்சலாகக் கிடக்கிற மாதிரி இருந்தன.

ஒரு காலையில் விசாரணைக்கு ஏட்டய்யா வந்தார். வயசானவர், மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பிள்ளை பேர், படிப்பு, எத்தனை வருஷமாக இந்த வீடு என்று வழக்கமான கேள்விகள். கயலைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசினார். அவள் மைதானத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டு காதை மட்டும் கூடத்தில் வைத்திருந்தேன். எல்லாம் முடிந்தது. அவர் எழுந்துகொண்டே, வேற சொல்றதுக்கு ஏதும் இருக்கா சார் என்று போகிற போக்கில் கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. நான் தம்ளரை இறுகப் பிடித்தபடி, இல்லைன்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இருக்கு" என்றீர்கள்.

வேலி, துணி, புலப்படம், சக்கர மூடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னீர்கள். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. டீ என் கையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டு என் பிள்ளை வாழ்க்கை போச்சே என்று அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பேசி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் சார். நீங்க சொல்றீங்களான்னுதான் பாத்தேன்."

நான் டீயை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். நீங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஃபால்ஸ் துணியை விலக்கி, வெள்ளையாக இருந்த விமானத்தை அவரிடம் காட்டினீர்கள். அவர் அதைக் கையில் வாங்கப் பயந்து, நீங்களே புடிங்க சார், ஒடஞ்சு போகும் என்று தள்ளி நின்று பார்த்தார். இன்னும் பெயிண்ட் அடிக்கலையா என்றார். நிறம் கிடைக்கலை என்றீர்கள். அவர் போன பிறகு உங்களை நான் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் கேட்கவே இல்லையே, நீங்களாக ஏன் வாயைத் திறந்தீர்கள் என்றேன். நீங்கள் சொன்னது அதே பாட்டுத்தான். கிட்டத்தட்ட உண்மைன்னா அதுக்குப் பேர் பொய் என்றீர்கள்.

கயலுக்கு உத்தரவு திடீரென்று வந்தது. பெட்டி கட்டவே நேரம் பற்றவில்லை. அவள் ரயில் ஏறினாள், அவள் கையில் கொடுக்க விமானம் தயாராக இல்லை. பயத்தில் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த அத்தனை நாளும் வீணாகப் போயிருந்தது. வண்டி நகரும்போது, "அடுத்த லீவுக்கு வாரப்ப முடிச்சு வைக்கிறேன்த்தா" என்றீர்கள். அதற்கப்புறம் திரும்பவும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறைக்குள் போனீர்கள். கலந்தீர்கள், அட்டையில் பூசிக் காயவைத்தீர்கள், என் துணிக்கட்டோடு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தீர்கள், வேண்டாம் என்று துடைத்துப் போட்டீர்கள். இதுதான் என்று நான் காட்டிய துண்டை நீங்கள் ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய அடுத்த லீவுக்கு நீங்கள் இல்லை. வயலில் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும். வாழ்நாளெல்லாம் நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பாலம் விழவில்லை, போலீஸ் பிடித்துப் போகவில்லை. பயப்படாமல் இருந்த ஒரு காலையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன மாதம் கயல் வந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டி, கறுத்து, தோள் அகலமாக. விமானங்கள் நிற்கிற இடத்தில் வேலை என்கிறாள், அதற்குமேல் சொல்வதில்லை. பின்னறையில் உங்கள் வெள்ளை விமானத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் மெல்ல வேலிக் கதையைச் சொன்னேன். இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாது. சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் சிரிக்கவில்லை. துணிக்கட்டை எடுத்துக் கொடுத்து, ஒங்க அய்யா கடைசிவரைக்கும் இந்த நிறத்தைத்தான் தேடினாரு, நீ பார்த்திருப்பியே, எதுன்னு சொல்லேன் என்றேன். எது என் துண்டு என்று நான் காட்டவில்லை, சொல்லவும் இல்லை. அவள் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் எங்கிட்டக் கேக்காதம்மா. போன்லயும் கேட்றாத."

பழைய விமானம்தானே, மேடையில் நிறுத்தி ஊருக்கே காட்டுகிறார்களே என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். என் பயம் பிள்ளைக்கும் ஒட்டிவிட்டதே என்று இருந்தது. அல்லது அவள் அய்யாவைப் போல வேலையில் கொடுத்த வார்த்தையைக் கிட்டத்தட்டக் காப்பாற்றத் தெரியாத, முழுசாகக் காப்பாற்றுகிற பெண்ணாக வளர்ந்துவிட்டாளோ என்னவோ.

அவள் போன பிறகு துணிக்கட்டை எடுத்து வைக்கப் போனேன். முடிச்சு வேறு மாதிரி இருந்தது. நான் போடுகிற முடிச்சு இல்லை, கப்பல்காரர்கள் போடுகிற மாதிரி ஏதோ இறுக்கமான முடிச்சு. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தேன். வரிசையில் ஒரு துண்டு இல்லை. ஈயக் கலருக்கும் புகைக் கலருக்கும் நடுவில் இருந்தது. வேலியோரத்தில் விசில் சத்தம் கேட்டபோது என் தலைக்கு மேலே இருந்த துண்டு.

நிறத்துக்காக எடுத்தாளா, அய்யா நினைவுக்கு ஒன்று என்று கை போனதை எடுத்தாளா, தெரியாது. போனில் கேட்கவும் மாட்டேன். ஆனால் அத்தனை சாம்பலில் அவள் கை அதற்கு மட்டும் ஏன் போக வேண்டும்? நான் காட்டியதுதான் சரி. கேட்டுக்கொள்ளுங்கள், நான் காட்டியதுதான் சரி. இத்தனை வருஷத்தில் உங்களிடம் ஜெயித்த ஒரே சண்டை, தோற்றுப்போக நீங்கள் இல்லை.

அந்தத் துணியின் சுருள் கடையில் இன்னும் இருக்கிறது. யாரும் வாங்காத நிறம். அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொட்டகைக்காரரிடம் கொடுத்தேன். கிட்டத்தட்ட வந்திருச்சுக்கா என்று ரெண்டு தடவை கொண்டுவந்தார். ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். கிட்டத்தட்ட வேண்டாம் என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு நானே திகைத்துப் போனேன்.

இன்று கொண்டுவந்ததுதான் இந்த டப்பா. பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் கை தேய்த்து வைத்த வெள்ளையின்மேல் என் கை படப் போகிறது, ஒரு தடவை பூசிவிட்டால் எடுக்க முடியாது. நம் பிள்ளை எந்தக் கடலில் இருக்கிறாள் என்று தெரியாது, அவள் போன் வராத நாளில் சோறு இறங்குவதில்லை. கயல் அடுத்து வரும்போது அவள் கையில் கொடுக்க இது முடிந்திருக்க வேண்டும். விமானத்தை வீட்டிலிருந்து கடை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆனாலும் கண்ணை மூடவில்லை, வெயிலில்தான் நிற்கிறேன். டப்பாவைத் திறக்கப் போகிறேன்.